இரண்டு இடம் தள்ளிய புள்ளி

வைதேஹி நான்கு வருஷமாகக் குடலோடுதான் குடித்தனம் நடத்தினாள். டில்லியில் ஒரு மருத்துவக் கல்லூரியின் ஆய்வுக்கூடத்தில், கினிப்பன்றியின் சிறுகுடலில் விரல் நீளம் வெட்டி, வெதுவெதுப்பான உப்புநீரில் தொங்கவிடுவாள். ஒரு சொட்டு ஹிஸ்டமின் விட்டால் குடல் சுருங்கும். அதோடு கட்டிய முள், கரிப்புகை படிந்த உருளையில் ஒரு குன்றை வரையும். நரம்பின் ஏவலை மறிக்கும் அட்ரோபினை முதலில் கொடுத்துவிட்டால், அதே ஹிஸ்டமினுக்குப் பாதிக் குன்றுதான் எழும். அப்படியானால் ஹிஸ்டமின் பாதி வேலையைத் தசையில் நேராகவும், மீதியை நரம்பு வழியாகவும் செய்கிறது. இதுதான் அவள் கண்டது. அவள் பெயரும் வழிகாட்டி சேஷன் பெயருமாகப் பத்திரிகையிலும் வந்துவிட்டது.

1978 மார்ச்சில் ஆய்வேடு டைப் ஆகிக்கொண்டிருந்தது. கடைசியாக ஒரு படம் வேண்டியிருந்தது. அட்ரோபின் தீர்ந்துபோயிருந்தது, அளவு எழுதிய நோட்டோ டைப் அடிப்பவரிடம். மனதிலேயே கணக்குப் போட்டுப் புதிதாகக் கலந்தாள்.

குன்று குறையவில்லை. மூன்று நாள், மூன்று பிராணிகள். இம்மியும் குறையவில்லை.

நோட்டை வாங்கி வந்து பிரித்தாள். முதல் வாரத்துப் பக்கத்தில், அவள் கையெழுத்தில், தசமப் புள்ளி இரண்டு இடம் தள்ளியிருந்தது. நான்கு வருஷமும், பத்திரிகையில் அச்சான அளவைப்போல் நூறு மடங்கு மருந்து! அத்தனை மிஞ்சினால் அட்ரோபின் தசையில் ஹிஸ்டமினின் இடத்தையே அடைத்துவிடும். நரம்புக்கு அதில் பங்கே இல்லை.

சேஷன் அவள் காட்டிய நோட்டைப் பார்த்துவிட்டு மூடினார். "பேசாம சப்மிட் பண்ணிடு. யார் கேக்கப் போறா?"

"பேப்பரை நம்பி யாராவது வேலை பண்ணுவா, சார். தப்புன்னு ஒரு லெட்டர் எழுதிடலாம்."

"அடுத்த மாசம் ரிட்டையர் ஆறேன். இப்பப் போய் என் பேரையும் சேர்த்து நாறடிக்கணுமா?" அவர் கையெழுத்துப் போடவில்லை.

அவள் தனியாக எழுதினாள். இருவர் கையெழுத்தும் இருந்தால்தான் பிரசுரிப்போம் என்று பதில் வந்தது. மறுபடி சேஷனிடம் போவதற்குள் அவர் மாரடைப்பில் போய்விட்டார். ஆய்வேட்டை அவள் கொடுக்கவில்லை. லோதி ரோடு பக்கம் ஒரு பள்ளியில் டீச்சரானாள். பத்திரிகைக்கு இன்னும் இரண்டு தடவை எழுதிப் பார்த்து, ஓய்ந்துபோனாள்.

1983 ஜூலையில் அந்தப் பள்ளிக்கு ஜெயலட்சுமி என்று புது டீச்சர் வந்தாள். கோயமுத்தூர்ப் பக்கத்துப் பெண். டீச்சர்கள் அறையில் வைதேஹியின் பெயரைக் கேட்டதும் நிமிர்ந்தாள்.

"ஹிஸ்டமின் பேப்பர் எழுதுன வைதேஹி நீங்கதானுங்களா? அதை வெச்சுத்தானுங்க நானும் பிஎச்.டி. ஆரம்பிச்சேன். மூணு வருசம் தலைகீழா நின்னும் உங்களுக்கு வந்த மாதிரி வரவே இல்லீங்க. உன் கைதான் சரியில்லைன்னு எங்க கைடு திட்டுவாரு. போன மாசம் விட்டுட்டு வந்துட்டேன்."

வைதேஹி, "உன் கை சரிதான். என்னோட அளவுதான் தப்பு" என்றாள்.



"எப்ப இருந்துங்க தெரியும் உங்களுக்கு?"

"அஞ்சு வருஷமா."

கடிதங்களைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தாள். ஜெயலட்சுமி காது கொடுக்கவில்லை. மேஜை மேலிருந்த தன் நோட்டுகளை ஒவ்வொன்றாக அடுக்கி எடுத்துக்கொண்டு, அறையின் மறுகோடியில் ஜன்னலோர நாற்காலிக்குப் போய், முதுகைக் காட்டி உட்கார்ந்தாள்.