பனி கரையாத கூரை

விடிய இன்னும் கொஞ்சம் இருந்தது. பாலத்தடியில் நின்ற லாரியிலிருந்து வெள்ளை அட்டைக் கட்டுகளை இறக்கிப் பெண்கள் தலையில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். தேயிலை எஸ்டேட் துரையின் பங்களாவுக்குப் போகும் பாதையில் பனி உறைந்து சக்கரம் வழுக்கியதால் லாரி மேலே ஏறவில்லை. ஒன்றரை மைல் ஏற்றம்.

அழகுத்தாய் இப்படியொரு சுமையைச் சுமந்ததில்லை. ஆள் உயரக் கட்டு, ஆனால் எடையே இல்லை. காற்று அடித்தால் ஆளையும் சேர்த்து இழுத்தது. இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்ததில் விரல்கள் மரத்துவிட்டன. வெறுங்காலுக்கடியில் உறைபனி நறநறவென்று நொறுங்கியது.

"யக்கா, இதுக்கு மண்ணு மூட்டை தேவல" என்றாள் பின்னால் வந்த பூமாரி. "இது எம் புருசன் மாதிரி. கனமும் இல்ல, ஒரு எடத்துல நிக்கவும் மாட்டேங்கு."

மூன்று வாரமாக மூணாற்று மலையில் உறைபனி. கொழுந்தெல்லாம் கருகிக் கிடந்தது. கிள்ள இலை இல்லையென்று அரை நாள் வேலை, அரை நாள் கூலி. அதனால் கிடைத்த சுமையை யாரும் வேண்டாமென்று சொல்லவில்லை.

பங்களாவில் கட்டுகளை வாங்கி அடுக்கினார் தச்சு மேஸ்திரி அர்த்தநாரி. பாலக்காட்டுப் பெருமாட்டிப் பக்கத்து ஆள்.

"இது என்ன சாமான் மேஸ்திரி?" என்றாள் அழகுத்தாய்.

"தெர்மாகோலுங்க அம்மிணி. கொச்சியில இருந்து வருது. தொரையூட்டுக் கூரைக்கடியில அடிச்சா குளுரு உள்ள எறங்காதுங்க."

"இம்புட்டு லேசா இருக்கே. இதுவா தடுக்கும்?"

"காத்துதானுங்க தடுக்கறது. அசையாத காத்து. அதைப் புடிச்சு உள்ள அடைச்சு வெச்சிருக்குது, அவ்வளவுதான். தீ மட்டும் காட்டக் கூடாதுங்க."

"என்ன வெல ஆகும்?"

மேஸ்திரி சுற்றுமுற்றும் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். "ஒரு ரூமுக்கு ஆயிரத்து எட்டுநூறுங்க. ஆறு ரூமு."

வருசம் முழுக்க ஒரு நாள் விடாமல் கொழுந்து கிள்ளினாலும் தன் கூலி அந்த ஓர் அறைக்குக் காணாது என்று இறங்கும்போதே அவளுக்குத் தெரிந்துவிட்டது.

அவர்கள் லயத்தில் பத்து வீடு, மேலே ஒரே நீளத் தகரக் கூரை. ராத்திரி விடுகிற மூச்சு தகரத்தில் போய் உறையும். காலையில் அடுப்பு மூட்டியதும் உருகி, படுத்திருப்பவர்கள் முகத்தில் சொட்டும். தகரத்துக்கடியில் ஒரு தட்டி அடித்துத் தரும்படி இரண்டு வருசமாகக் கேட்டாயிற்று. செலவு கட்டுபடியாகாது என்றது கம்பெனி. போன தை மாதம் இதே வீட்டில் அழகுத்தாயின் மூத்த பெண் சளி நெஞ்சில் கட்டிப் போய்விட்டாள். இளையவளுக்கு இப்போது ஐந்து மாதம். மூச்சு விடும்போது கரகரக்கத் தொடங்கியிருந்தது.

மேஸ்திரி சொன்னதைக் கேட்டதும் அவள் புருசன் கருத்தப்பாண்டி சோற்றைப் பிசைவதை நிறுத்தினான். அவனுக்குத் தேயிலை ஃபேக்டரியில் கழிவு அள்ளும் வேலை. சல்லடையில் ஒதுங்கும் நார்த்தூசி, ஆட்டுமயிர்போல் பொசுபொசுவென்று இருக்கும். நாள்தோறும் அதைக் குழியில் கொட்டுவது அவன்தான்.

"ஏ புள்ள, அதுலயும் காத்துதான இருக்கு?"

நாலைந்து நாளில் எட்டுச் சாக்குக் கழிவு வந்தது. அழகுத்தாய் சாக்குகளில் அதைப் பரப்பி மெத்தைபோல் தைத்தாள். அவன் கம்பி போட்டுத் தகரத்துக்கடியில் கட்டினான். அன்றிலிருந்து சொட்டு நின்றது. குழந்தையின் கரகரப்பும் தணிந்தது. இருவரும் தேயிலை வாசத்துக்கடியில் தூங்கினார்கள்.

காட்டிக்கொடுத்தது பனிதான். காலையில் அடுப்பு எரிந்ததும் மற்ற வீடுகளின் தகரத்தில் பனி உருகிக் கறுத்துவிடும். அழகுத்தாயின் ஒன்பதாம் வீட்டுச் சூடு மேலே போகவில்லை. அதனால் அங்கே மட்டும் வெயில் ஏறும்வரை வெள்ளையாகவே கிடந்தது. பங்களாவிலிருந்து பார்த்த துரை, அங்கே அடுப்பே மூட்டுவதில்லை, ஆளில்லாத வீடு என்று நினைத்துவிட்டார். பூட்டிவிட்டு வரும்படி கங்காணி நல்லதம்பியை அனுப்பினார். நல்லதம்பி உள்ளே போய், கம்பியில் கட்டியிருந்த சாக்கு மெத்தையை அண்ணாந்து பார்த்தார். துரையிடம் சொல்லாமல் இருக்க அவரால் முடியவில்லை.

சனிக்கிழமை காலை, ஆள் கணக்கெடுக்கும் களத்தில் துரை கருத்தப்பாண்டியைத் தனியே நிறுத்தினார்.

"தேயிலை திருடினாயா?"

"தேயிலை இல்லீங்க தொரை. வேஸ்ட்டு. குழியில கொட்டுறது."

"வேஸ்ட்டும் கம்பெனி சொத்து. வெளியே போனால் கேஸ், தெரியுமா?"

"குழியில கெடந்தா வேஸ்ட்டு, எங்க தலைக்கு மேல இருந்தா சொத்தாக்கும்" என்றது பெண்கள் கூட்டத்திலிருந்து ஒரு குரல்.

"யாரது?"

பூமாரி மும்முரமாகத் தலையில் போட்ட கொங்காணிச் சாக்கைச் சரிசெய்துகொண்டிருந்தாள்.

"தீப்பிடித்தால் பத்து வீடும் போகும்" என்றார் துரை.

"பங்களா அட்டையும் தீப்பிடிக்கும்ங்க. மேஸ்திரியே சொன்னாரு" என்றான் கருத்தப்பாண்டி.

துரையின் முகம் சிவந்தது. "புத்தகத்திலிருந்து உன் பேர் வெட்டியாச்சு. இனி வேலை இல்லை. திங்கட்கிழமை வீடு காலியாகணும்."

வீடு அவன் பேரில்தான் இருந்தது. கோவில்பட்டிப் பக்கம் இருந்த குடிசையும் எப்போதோ கைமாறிவிட்டது. கைக்குழந்தையோடு இந்தப் பனியில் எங்கே போவது? ஞாயிறு காலையில் அழகுத்தாய் ஸ்டூல் போட்டு ஏறிக் கம்பியை அவிழ்க்கத் தொடங்கினாள். திருப்பிக் கொடுத்துக் காலில் விழுந்தால் துரை இரங்குவார் என்று ஒரு நப்பாசை.

வாசலில் பூமாரி வந்து நின்றாள். கையில் ஒரு வெறுஞ்சாக்கு.

"எறங்குக்கா. அதக் கழட்டாத. எப்பிடித் தைக்கணும்னு எனக்குச் சொல்லிக் குடு."

"ஒனக்கும் பேரு வெட்டுவாக, மூதி."

"வெட்டட்டும். எம் மாமியா ராத்திரியெல்லாம் இருமுதா. எனக்கும் தூக்கம் வேணும்லா."

பூமாரிக்குப் பின்னால் இன்னும் இரண்டு பேர் சாக்கோடு நின்றார்கள். பட்டப்பகலில் பெண்கள் கொழுந்துக் கூடையை மாட்டிக்கொண்டு கழிவுக் குழிக்குப் போனார்கள். வாரக்கணக்காகச் சும்மா கிடந்த கூடைகள். குழி மேட்டில் நல்லதம்பி நின்றிருந்தார். எல்லோரும் தயங்கினார்கள்.

"நான் பாத்தா சொல்லணும்" என்றார் அவர். பிறகு முதுகைத் திருப்பிக்கொண்டு, "எங்க வீட்டுக்கு ரெண்டு சாக்கு மிச்சம் வைங்க தாயி" என்றார்.

அன்று ராத்திரி விளக்கு வைத்துக்கொண்டு மற்ற ஒன்பது வீட்டிலும் தைத்துக் கட்டினார்கள். திங்கட்கிழமை விடிந்தபோது பத்து வீட்டிலும் புகை எழும்பியது. கூரையோ இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை வெள்ளையாகக் கிடந்தது. எந்த வீடு என்று காட்ட ஒன்றுமில்லை. துரை ஜீப்பிலேயே லயத்துக்கு வந்துவிட்டார். கூடவே கணக்கு எழுதும் ரைட்டர் சுவக்கீன், கையில் பேர்ப் புத்தகம்.

"யார் யார் எடுத்தது? மரியாதையாய்ச் சொல்லுங்கள்."

அழகுத்தாய் இதுவரை துரையிடம் ஒரு வார்த்தை பேசியவளில்லை. குழந்தையைப் பூமாரியிடம் கொடுத்துவிட்டு முன்னால் வந்தாள்.

"நான்தான் எடுத்தேன் தொரை. எம் பேரு அழகுத்தாய். இந்த வீட்ல ஒரு பிள்ளையப் பறிகுடுத்துட்டேன். இன்னொண்ணக் குடுக்க மாட்டேன். எழுதிக்கிடுங்க."

"நானும்தான். பூமாரி. ஒம்பது சாக்கு. அக்காவவிட ஒண்ணு கூட."

யாரோ சிரித்தார்கள். பேர்கள் ஒவ்வொன்றாக வந்தன. நல்லதம்பி தலைப்பாகையை அவிழ்த்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு தன் பேரையும் சொன்னார். மேல் லயத்து ஆட்களும் வேலைக்குப் போகாமல் இறங்கி வந்து நின்றார்கள்.

"நான் இன்னும் எடுக்கல ரைட்டரய்யா" என்றாள் அவர்களில் ஒருத்தி, அன்னமேரி. "இன்னைக்கு மத்தியானம் எடுக்கலாம்னு இருக்கேன். இப்பவே எழுதிருங்க."

சுவக்கீன் துரையின் காதோரம் குனிந்தார். "சாரே, இத்தனை பேரையும் வெட்டினா, பனி மாறின பொறவு கொழுந்து யாரு எடுப்பா?"

துரை போலீஸைக் கூட்டிவரச் சொல்லி டிரைவரை விரட்டினார். ஜீப் வளைவு திரும்பி மறைந்தது. என்ன நடக்குமோ, ஒருவருக்கும் தெரியாது. கருத்தப்பாண்டி வந்து அழகுத்தாயின் பக்கத்தில் நின்றான். கூட்டம் இருந்த இடத்தை விட்டு அசையவில்லை.

சுவக்கீன் பேனாவை மூடப்போனார்.

"மூடாதீங்க அய்யா" என்றது கூட்டத்தின் கடைசியிலிருந்து ஒரு குரல். "நாங்க இன்னும் சொல்லல."