தனி நெட்டும் ஒரு டிக் சத்தமும்

பஸ் வந்து சேர்வதே பெரும்பாடாக இருக்கும் மலைக் கிராமமான புதூர்நாட்டில், கோபால்சாமியின் வீட்டுக்குள் மட்டும் இரண்டு நெட்வொர்க் ஓடிக்கொண்டிருந்தன. ஒன்று வீட்டுக்கு. அதில் அவர் மனைவி அம்சவல்லி போனில் சீரியல் பார்ப்பாள், திருப்பத்தூரில் இருக்கும் மகனிடம் முகம் பார்த்துப் பேசுவாள். இன்னொன்று பாட்டுக்கு மட்டும். அதற்குத் தனி ரவுட்டர், தனி சுவிட்ச் பெட்டி, தனி யுபிஎஸ். அதன் பாஸ்வேர்டைக் கட்டிய மனைவிக்குக்கூட அவர் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை என்பது வேறு விஷயம்.

பணம் கொழுத்த கதை என்று நினைத்துவிட வேண்டாம். கோபால்சாமி பாதி ஆயுளைத் திருப்பத்தூர் புளி மண்டியில் கழித்தவர். லாரி ஹாரன், மூட்டை விழும் சத்தம், ஏலம் கூவும் தொண்டை, இதற்கு நடுவே ஒரு நாள்கூட ஒரு பாட்டை முழுதாகக் கேட்டதில்லை. மண்டியை மகன் விஜயராஜிடம் ஒப்படைத்துவிட்டு மலைக்கு வந்தபோது அவர் தனக்கென்று ஆசைப்பட்டது ஒன்றே ஒன்றுதான். காது குளிரப் பாட்டுக் கேட்க வேண்டும்.

ஆசைப்பட்டதோடு நிற்கவில்லை. மாதக்கணக்கில் யூடியூபில் உட்கார்ந்து படித்தார். நெட்டிலிருந்து பாட்டை இழுத்துக் கொடுக்கும் ஸ்ட்ரீமர், ஆம்ப்ளிபையர், இடுப்பு உயரத்துக்கு இரண்டு ஸ்பீக்கர் என்று ஒவ்வொன்றாகப் பெட்டிகள் ஜீப்பில் ஏறி மேலே வந்தன. திருப்பத்தூரில் நெட்வொர்க் வேலை செய்யும் வெற்றிவேல் வந்து எல்லாவற்றையும் இணைத்துக் கொடுத்தான். சாமானுக்கெல்லாம் எர்த் நன்றாக இருக்க வேண்டும் என்று அவன் சொல்ல, கோபால்சாமி தானே கடப்பாரையைத் தூக்கினார். வீட்டைச் சுற்றிப் பாறை. ஈர மண் இருப்பது ஒரே ஒரு இடத்தில், துவைக்கிற தண்ணீர் போய்த் தேங்கும் வாழை மரத்தடியில். அங்கேயே குழி வெட்டிக் கம்பியை இறக்கினார்.

அறையில் ஒரே ஒரு நாற்காலி. இரண்டு ஸ்பீக்கருக்கும் சம தூரத்தில் அளந்து போட்டது. இன்னொரு நாற்காலி போட்டால் சத்தம் கெட்டுவிடும் என்று எங்கோ படித்திருந்தார். ஆகவே அம்சவல்லி வாசலோடு எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விடுவாள்.

முதல் நாள் பொழுது சாய்ந்ததும், அம்சவல்லி வழக்கம்போலச் சாமை வயலைச் சுற்றியிருக்கும் சோலார் வேலிக்குச் சுவிட்சைப் போட்டாள். பன்றிக்குப் பயந்து மலையில் பலரும் போட்டிருக்கும் வேலிதான். தொட்டால் சுளீர் என்று உதறும், உயிரை எடுக்காது. வேலியை முடுக்கிவிட்டு, விளக்கேற்றிவிட்டு அவள் அடுப்படிக்குப் போனாள். கோபால்சாமி கண்ணை மூடிக்கொண்டு ஒரு வயலின் கச்சேரியைப் போட்டார். வில் இழுத்து நின்றது. அந்த நிசப்தத்துக்காகத்தான் இத்தனை பாடும். அந்த நிசப்தத்தில் கேட்டது.

டிக்.

மெல்லிய சத்தம். ஒரு மூச்சு விட்டு மறுபடியும் டிக். கோபால்சாமிக்கு வயிற்றில் புளியைக் கரைத்தது. பாதி ஆயுள் புளி விற்றவருக்கு அன்றைக்குத்தான் அந்தப் பேச்சின் முழு அர்த்தமும் தெரிந்தது.

காரணம் அவர் அண்ணன் சின்னராசு. பத்து வருஷத்துக்கு முன்னால் ஒரு சாயங்காலம், "காதுல டிக் டிக்குன்னு ஏதோ அடிக்குதுடா" என்றார். பகலில் ஒன்றும் இல்லை, பொழுது சாய்ந்தால்தான் என்றார். யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இரண்டு வருஷத்தில் அந்த டிக் போயிற்று, அதோடு காதும் போயிற்று. இப்போது கல்யாண வீடுகளில் எல்லாரும் சிரிக்கும்போது அண்ணன் ஒரு கணம் தாமதமாகச் சிரிப்பார். எதற்கு என்று தெரியாமல் சிரிக்கும் அந்தச் சிரிப்பைக் கோபால்சாமியால் பார்க்க முடிவதில்லை.

மறுநாள் பகலில் அதே கச்சேரியைப் போட்டுப் பார்த்தார். டிக் இல்லை. சாயங்காலம் போட்டார். இருந்தது. அண்ணன் சொன்னது சொன்னபடியே இருந்தது.

இந்த இடத்தில் வேறு எவனாக இருந்தாலும் மனைவியைக் கூப்பிட்டு, உனக்கும் கேட்கிறதா என்று ஒரு வார்த்தை கேட்டிருப்பான். நம்மவர் கேட்கவில்லை. எனக்கு ஒன்றும் காதில் விழவில்லையே என்று அவள் சொல்லிவிட்டால், கோளாறு தன் காதில்தான் என்று ஆகிவிடுமே? அதற்குப் பிறகு பிடித்துக்கொள்ள ஒன்றுமே இல்லை. அந்த ஒரு கேள்வியிலிருந்து தப்பிக்கத்தான் அவர் தனி நெட்வொர்க்கே கட்டினார்.

நெட் தடுக்கினால் பாட்டில் இப்படிச் சத்தம் வரலாம் என்று வெற்றிவேல் போனில் சொன்னது அவருக்குப் பெரிய ஆறுதலாகப் போயிற்று. பழி நெட்டின் மேல் விழுந்தது. அம்சவல்லியின் சீரியலும் பாட்டும் ஒரே பாதையில் போவதால்தான் இடிக்கிறது என்று முடிவு கட்டிப் பாட்டுக்குத் தனி ரவுட்டர் வாங்கினார். டிக் போகவில்லை. சுவிட்ச் பெட்டியை மாற்றினார். போகவில்லை. கரண்ட்டில்தான் கோளாறு என்று தனி யுபிஎஸ் வைத்தார். டிக் அதையும் சட்டை செய்யவில்லை. ஒவ்வொரு பெட்டி வரும்போதும் முகம் மலர்ந்து பிரிப்பார், சாயங்காலம் முகம் தொங்கிப் போய் உட்கார்ந்திருப்பார். அம்சவல்லி பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

இதற்கிடையில் வீட்டில் இன்னொரு வேதனை. அவள் அடுப்படியிலிருந்து சோறு ஆறுகிறது என்று கூப்பிடுவாள். இவர் டிக்கைத் தேடிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். இரண்டு தடவை கூப்பிட்டுவிட்டு அவள் கத்துவாள், "காது கேக்கலயா உங்களுக்கு?" ஊரில் எல்லா மனைவிமாரும் சொல்வதுதான், கல்யாணமான நாளிலிருந்து அவளும் சொல்வதுதான். இப்போது அது நெஞ்சில் போய்க் குத்தியது. சாப்பாட்டில் பாதியை ஒதுக்கிவிட்டு எழுந்துவிடுவார்.

ஒரு நாள் துணிந்துவிட்டார். "அம்சா, உனுக்கு..." என்று ஆரம்பித்தார். அவள் நிமிர்ந்து பார்த்தாள். தைரியம் அத்தோடு இறங்கிவிட்டது. "உனுக்கு போன்ல நெட் நல்லா வருதா?" என்று முடித்தார். நல்லா வருது என்றாள் அவள்.

கடைசியாக ஒரே ஒரு வழி பாக்கி இருந்தது. ரவுட்டரிலிருந்து பாட்டு அறைக்கு வரும் ஒயரை எடுத்துவிட்டுக் கண்ணாடி இழைக் கேபிள் போடுவது. கண்ணாடியில் வெளிச்சம்தான் போகும், கரண்ட்டின் அழுக்கு எதுவும் ஏறாது. வெற்றிவேல் கீழேயிருந்து வந்து போட்டுக் கொடுத்தான். லேப்டாப்பைத் திறந்து காட்டி, ஒரு துளிகூடச் சிந்தாமல் நெட் வருகிறது, இதற்கு மேல் சுத்தம் செய்ய ஒன்றும் இல்லை சார் என்றான். பகல் வெளிச்சத்தில் பாட்டும் சுத்தமாகத்தான் இருந்தது. வெற்றிவேல் கிளம்பிப் போனான்.

பொழுது சாய்ந்தது. வயலின் இழுத்து நின்றது.

டிக்.

கோபால்சாமி அசையாமல் உட்கார்ந்திருந்தார். இனி குற்றம் சாட்ட ஒரு சாமானும் மிச்சமில்லை. மிச்சம் இருந்தது தன் இரண்டு காதுகள்தான். அண்ணனின் சிரிப்பு கண் முன்னால் வந்தது. இந்த வயலினை இன்னும் எத்தனை நாள் கேட்போமோ என்று நினைத்தார். நிறுத்த மனம் வராமல் அடுத்த கச்சேரியையும் ஓடவிட்டார்.

அப்போதுதான் பக்கத்து வயல்காரன் வீரன் வாசலில் வந்து நின்று குரல் கொடுத்தான். அவன் ஆடு ஒன்று சாமைக்குள் புகுந்துவிட்டதாம், ஓட்டிக்கொண்டு வர வேண்டும், வேலியைக் கொஞ்சம் நிறுத்துங்கக்கா என்றான். அம்சவல்லி தட்டுமுட்டு அறைக்குப் போய்ச் சுவிட்சை அணைத்தாள்.

பாட்டு அறையில் டிக் நின்றது.

கோபால்சாமி முதலில் நம்பவில்லை. காது அடைத்துவிட்டதா என்று பயந்தார். இல்லை, வயலின் ஓடிக்கொண்டிருக்கிறது, வில் நரம்பில் உரசுவதுகூடக் கேட்கிறது. டிக் மட்டும் இல்லை. நாற்காலியின் கையைப் பிடித்தபடி அப்படியே இருந்தார். வெளியே ஆட்டைத் திட்டிக்கொண்டே வீரன் போகும் சத்தம் கேட்டது. அம்சவல்லி மறுபடி வேலியைப் போட்டாள்.

டிக். டிக்.

கோபால்சாமி எழுந்து ஓடினார் என்றே சொல்ல வேண்டும். அடுப்படி வாசலில் போய் மூச்சு வாங்க நின்றார். சந்தேகம் இன்னும் முழுதாகப் போகவில்லை, பயந்த மனசு எதையும் கற்பனை செய்யும் அல்லவா? இனிமேல் கேட்காமல் இருக்கவும் முடியாது.

"அம்சா, ஒண்ணு கேக்கறேன். மறைக்காம சொல்லு. பாட்டு ஓடறப்ப நடுவுல டிக் டிக்குன்னு ஒரு சத்தம் வருதே, அது உனுக்குக் கேக்குதா?"

அம்சவல்லி கையை முந்தானையில் துடைத்துக்கொண்டாள். "கேக்குதே. மொத நாள்லேர்ந்து கேக்குது."

அவர் அங்கேயே அரிசி மூட்டையின் மேல் உட்கார்ந்துவிட்டார். வாய்விட்டுச் சிரித்தார், கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. என்ன ஆயிற்றோ என்று அவள் பதறிப்போய்த் தோளைப் பிடித்து உலுக்கினாள். அப்புறம்தான் எல்லாவற்றையும் சொன்னார். அண்ணனைச் சொன்னார், சாயங்காலத்தைச் சொன்னார், ஒவ்வொரு பெட்டியும் எதற்காக வந்தது என்று சொன்னார்.

"அட மனுசா, இத்தினி நாளா இத மனசுல வெச்சிக்கினா சுத்தினீங்க?" என்றாள் அவள். "ஒரு வார்த்த என்னக் கேட்டிருக்கக் கூடாதா?"

"நீ மட்டும் இன்னா? உனுக்குத்தான் கேட்டுதே, நீ ஏன் வாயத் தொறக்கல?"

"அவ்ளோ ஆசயா வாங்கி வெச்சிக்கினு, கண்ண மூடிக்கினு ஒக்காந்துனு இருக்கீங்க. இது ஓட்டப் பொட்டின்னு நான் எந்த வாயால சொல்றது?"

வீட்டில் டிக் கேட்டது இரண்டு பேருக்கும். அவர் மனசு நோகக் கூடாதென்று அவள் வாயை மூடிக்கொண்டாள், அவள் வாயிலிருந்து என்ன வருமோ என்று அவர் வாயை மூடிக்கொண்டார். நடுவில் திருப்பத்தூர் கடைக்காரருக்குத்தான் நல்ல வியாபாரம்.

பிறகு இரண்டு பேரும் சிறு பிள்ளைகள் மாதிரி வேலியைப் போட்டுப் போட்டு நிறுத்திப் பார்த்தார்கள். அவள் சுவிட்ச் பக்கத்தில் நின்றாள், அவர் ஸ்பீக்கர் பக்கத்தில் நின்றார். தட்டுமுட்டு அறையில், வேலிக்கு விட்டு விட்டுக் கரண்ட் அனுப்பும் பெட்டி எப்போதெல்லாம் டிக் என்றதோ அப்போதெல்லாம் ஸ்பீக்கரும் டிக் என்றது. பெட்டியிலிருந்து போகும் எர்த் எங்கே இறங்குகிறது என்று அவர் கேட்டார். வாழை மரத்தடியில் என்றாள் அம்சவல்லி. காய்ந்தால் வேலை செய்யாது என்று வேலி போட்டவர்கள் சொல்லிவிட்டுப் போனதால் கோடையெல்லாம் அதற்குக் குடத்தில் தண்ணீர் ஊற்றியவளே அவள்தான். கம்பியின் தலை வாழைச் சருகுக்கடியில் மறைந்து கிடந்தது. அதற்கு ஒரு முழம் தள்ளித்தான் கோபால்சாமி தன் கம்பியை இறக்கியிருந்தார். ஈர மண் இருப்பது அங்கே மட்டும் என்றால் இரண்டு பேரும் வேறு எங்கே போவார்கள்?

வெற்றிவேலுக்குப் போன் போட்டுச் சொன்னபோது அவன் தலையில் அடித்துக்கொண்ட சத்தம்கூடக் கேட்டது. வேலியின் கரண்ட் துடிப்பு மண்ணில் இறங்கி உங்கள் எர்த் கம்பி வழியாக ஆம்ப்ளிபையர் வரைக்கும் ஏறுகிறது, இரண்டு எர்த்தும் நன்றாகத் தள்ளி இருக்க வேண்டும், நான் இடத்தைப் பார்த்திருக்க வேண்டும் சார் என்று வருத்தப்பட்டான். கோபால்சாமி அவனைக் கோபித்துக்கொள்ளவில்லை. அன்றைக்கு அவருக்கு யார் மேலும் கோபம் வருவதாக இல்லை.

மறுநாள் வீரனைக் கூட்டிக்கொண்டு வீட்டின் அந்தக் கோடியில், தண்ணீர்த் தொட்டி வழியும் இடத்தில் பாறையைக் குடைந்து புதிய குழி வெட்டினார். வாழையடியில் இருந்த தன் கம்பியைப் பிடுங்கி அங்கே இறக்கினார். சாயங்காலம் அம்சவல்லி வேலியைப் போட்டாள். கோபால்சாமி அடுப்படியிலிருந்து ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கி வந்து, அளந்து போட்டிருந்த தன் நாற்காலியைக் காலால் தள்ளிவிட்டுப் பக்கத்தில் போட்டார். சத்தம் கெட்டால் கெடட்டும். அவள் கொஞ்ச நேரம் உட்கார்ந்து கேட்டாள். வயலின் இழுத்து நின்றது. நின்ற இடத்தில் ஒன்றுமே இல்லை, காற்றுகூட இல்லை. "இப்பதான் பாட்டு பாட்டா இருக்குது" என்று சொல்லிவிட்டு, களி கிண்ட வேண்டும் என்று எழுந்து போனாள்.

அவர் கண்ணை மூடிக்கொண்டார். எத்தனையோ நாளுக்குப் பிறகு பயமில்லாமல் மூடியிருந்தார். அடுப்படியிலிருந்து அவள் ஒரு தடவை கூப்பிட்டாள், இன்னொரு தடவை கூப்பிட்டாள். பிறகு வழக்கம்போலக் கத்தினாள்.

"காது கேக்கலயா உங்களுக்கு?"

"கேக்குது அம்சா" என்றார் கோபால்சாமி, கண்ணைத் திறக்காமல். "நல்லாக் கேக்குது. இன்னொரு வாட்டி கூப்புடு."