அழகுத்தாய்க்குப் பத்தாவது நாள்

வெள்ளிக்கிழமை காலையிலும் பலகை அழகுத்தாயின் கழுத்தில்தான் தொங்கியது.

உள்ளங்கையைவிடச் சற்றுப் பெரிய பிளைவுட் துண்டு. வெள்ளைப் பெயின்ட். மேலே இரண்டு துளை போட்டு மில் நூலை முறுக்கிக் கட்டியிருந்தார்கள். ‘ஐ ஹேவ் ஸ்போகன் டமில்’ என்று சிவப்பில் ஆங்கில எழுத்து. பள்ளிக்குள் தமிழ் பேசும் பிள்ளைக்கு அதை மாட்டுவார்கள். கழற்ற ஒரே வழிதான் உண்டு. தமிழ் பேசும் இன்னொரு பிள்ளையைப் பிடித்துக் கொடுக்க வேண்டும். மாலை நாலு மணிக்கு யார் கழுத்தில் இருக்கிறதோ அந்தப் பிள்ளை ஐந்து மணிவரை கேட் பக்கத்தில் வெயிலில் நிற்க வேண்டும். வகுப்பாசிரியை நோட்டில் பெயரை எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும்.

நாலாம் வகுப்பு நோட்டில் ஒன்பது நாளாக ஒரே பெயர். ஒன்பது கையெழுத்தும் வேதமணியுடையவை.

தாளாளர் ராஜரத்தினம் புதன்கிழமை பிரேயரில் சொல்லிவிட்டார். பத்து நாள் தொடர்ந்து ஒரே பிள்ளையிடம் பலகை இருந்தால் டி.சி.யைக் கொடுத்து அனுப்பிவிடுவாராம். அதைத் தமிழில்தான் சொன்னார். பஜாரில் அவருக்கு இரும்புக் கடை. தொண்ணூறுக்குப் பிறகு ராஜபாளையத்தில் தெருவுக்கொரு இங்கிலீஷ் பள்ளி முளைத்தபோது அவரும் தன் குடோனுக்குப் பின்னால் ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்டு ஒன்றைத் தொடங்கினார்.

வேதமணி பி.எஸ்ஸி. இயற்பியல். தினமும் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து பஸ்ஸில் வருகிறாள். அறிவியல் பாடம் என்று சொல்லித்தான் எடுத்தார்கள். வந்த அன்றே இங்கிலீஷைத் தலையில் கட்டினார்கள். அவள் வாய் திறக்கவில்லை. கல்லூரியிலும் மூன்று வருஷம் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து ஒரு சந்தேகம்கூடக் கேட்காமல் பாஸ் செய்தவள். கோபம் வந்தால் காது சுடும். அதோடு சரி.

மணி அடிக்குமுன் அழகுத்தாயை வராந்தா ஓரத்துக்குக் கூப்பிட்டாள்.

“இன்னைக்கு யாரையாவது பிடிச்சுக் குடுத்துரு.” மெல்லத் தமிழில்தான் சொன்னாள்.

“யாரை டீச்சர்?”

“சோலைராஜ் காலையிலேர்ந்து கத்திக்கிட்டுத்தானே கெடக்கான்.”

“எல்லாருந்தான் பேசுறாக டீச்சர். அதுல யாருன்னு சொல்ல?”

அழகுத்தாய்க்கு ஒன்பது வயசு. சோழபுரத்துப் பிள்ளை. அம்மா பரிபூரணத்துக்கு நூல் மில்லில் நூல் சுற்றும் ரீலிங் ஷெட்டில் வேலை. தண்ணீர்த் தொட்டிமேல் ஏறிய ஒன்றாம் வகுப்புக் குழந்தையிடம் “விழுந்துராத” என்று சொன்னதற்காக அழகுத்தாய்க்கு இந்தப் பலகை வந்தது. பிடித்துக் கொடுத்தவன் சோலைராஜ். அன்று காலையிலிருந்து அவனே அதை மாட்டிக்கொண்டு ஆள் தேடித் திரிந்தவன். அவனைக் குறை சொல்லவும் வேதமணியால் முடியவில்லை. பள்ளி அவனுக்குச் சொல்லிக் கொடுத்ததை அவன் செய்தான்.

அன்றைய பாடம் பிரசன்ட் பெர்ஃபெக்ட். மூன்று நாளாக அதே பாடம். ஹேவ் வரும், ஹாஸ் வரும், பிறகு வினையின் மூன்றாம் வடிவம் வரும் என்று போர்டில் கட்டம் போட்டாயிற்று. கோ, வென்ட், கான். ஈட், ஏட், ஈட்டன். பிள்ளைகள் ராகம் போட்டுப் பாடின. எதற்காக இது என்று ஒன்றுக்கும் தெரியவில்லை. இங்கிலீஷிலேயே விளக்க வேண்டும் என்பது தாளாளர் உத்தரவு. வேதமணியின் இங்கிலீஷும் கைடைப் பார்த்து மனப்பாடம் செய்ததுதான்.

“கிவ் மீ ஒன் சென்டென்ஸ்,” என்றாள்.

சோலைராஜ் எழுந்து அழகுத்தாயின் பலகையைப் பார்த்து வாசித்தான். “ஐ ஹேவ் ஸ்போகன் டமில்.”

வகுப்பு சிரித்தது. இன்னொன்று கேட்டாள். அடுத்த பிள்ளையும் அதையே வாசித்தது. பின்னாலிருந்து ஒருத்தி “ஷீ ஹாஸ் ஸ்போகன் டமில்” என்று மாற்றிச் சொன்னாள். இலக்கணம் சரி. மார்க் போடலாம். மூன்று நாள் தொண்டை வற்றக் கத்தியதில் முப்பத்திரண்டு பிள்ளைகளுக்கும் தெரிந்தது இந்த ஒரு வாக்கியம்தான். அழகுத்தாய் தலையைக் குனியவில்லை. பலகையை மட்டும் எழுத்து தெரியாதபடி திருப்பிப் போட்டுக்கொண்டாள்.

வேதமணியின் காது சுட்டது. கதவைச் சாத்தினாள்.

“சாப்பிட்டாச்சா?”

பிள்ளைகள் முழித்தன. வகுப்புக்குள் டீச்சர் தமிழ் பேசி அவர்கள் கேட்டதில்லை.

“உங்களத்தான் கேக்கேன். காலையில சாப்பிட்டாச்சா?”

“சாப்பிட்டாச்சு டீச்சர்.”

“அதத்தான் மூணு நாளா சொல்லுதேன். ஐ ஹேவ் ஈட்டன். சாப்பிட்டு முடிஞ்சிருச்சு. வயிறு இப்பவும் நெறஞ்சிருக்கு. இப்பத்தைக்கு அது எப்படி இருக்குன்னு சொல்றதுக்குத்தான் இது. இப்ப நீங்க சொல்லுங்க.”

“ஐ ஹேவ் ரிட்டன் ஹோம்வொர்க்.”

“பொய் டீச்சர். ஹி ஹாஸ் நாட் ரிட்டன்.”

“ஐ ஹேவ் லாஸ்ட் மை பென்சில்,” என்றான் சோலைராஜ்.

“தொலைக்கல டீச்சர். ஒரு தேன்மிட்டாய்க்கு வித்துட்டான்.”

“மை மதர் ஹாஸ் கான் டு த மில்,” என்றாள் அழகுத்தாய்.

கால் மணி நேரம் ஆனது. போர்டில் போட்ட கட்டத்தை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. வேதமணிக்குச் சந்தோஷம் வர வேண்டும். வரவில்லை. இதை மூன்று நாள் முன்பே செய்திருக்கலாமே என்று ஆத்திரம்தான் வந்தது. அழகுத்தாயின் பெஞ்சுக்குப் போனாள்.

“நான் தமிழ் பேசிட்டேன். என்னப் பிடிச்சுக் குடு.”

“வேண்டாம் டீச்சர். உங்களையும் அஞ்சு மணிக்குத்தான் விடுவாக. ஊருக்குப் போக நேரமாயிரும்லா?”

வேதமணி கையை நீட்டி, பலகையைத் தானே கழற்றித் தன் கழுத்தில் மாட்டிக்கொண்டாள். திரும்பினால் கதவைத் திறந்துகொண்டு தாளாளர் நின்றார்.

“என்னம்மா இது, மாறுவேடப் போட்டியா?”

“தமிழ் பேசிட்டேன் சார். ரூல்படி…”

“ரூலு பிள்ளைகளுக்கு. ஒனக்கில்ல. கழட்டு.” அவள் அசையாமல் நிற்கவே அவரே கழற்றினார். “எல்லாம் இந்தச் சோழபுரத்துப் பிள்ள செய்ற வேலை. டீச்சரையே கெடுத்துருச்சு. நாலு மணிவரைக்கும் எதுக்கு? இப்பமே டி.சி. எழுதிருதேன். மில்லுக்கு ஆள் விட்டு அவ அம்மாவ வரச் சொல்லு.”

பலகையை மறுபடியும் அழகுத்தாய்க்கு மாட்டிவிட்டுப் போனார். நாலு மணிவரை அந்தப் பிள்ளைக்கு நேரம் இருந்தது. அதையும் பதினொன்றரைக்கே முடித்து வைத்தது தன் கோபம்தான் என்பது வேதமணிக்குப் புரிந்தது.

பரிபூரணம் ஷிப்டு முடிந்து இரண்டரைக்கு வந்தாள். தலைமுடியிலும் புருவத்திலும் பஞ்சு. ஆபீஸ் அறை ஓரத்தில் நின்ற மகளைப் பார்த்தாள். பலகையைக் கழற்றி மேஜைமேல் வைத்தாள்.

“இது என்ன அண்ணாச்சி, மாட்டுக்குக் கட்டைய மாட்டுன மாதிரி?”

“இங்க சார்னு கூப்பிடணும்.”

“கடையில அண்ணாச்சின்னுதான கூப்பிடுதோம். எத்தன நாளா இது?”

“பத்து நாளா. ஒனக்குத் தெரியாதா?”

பரிபூரணம் மகளைப் பார்த்தாள். “ஸ்பெஷல் கிளாஸுன்னு சொன்னியேட்டி?”

அழகுத்தாய் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

“நம்பிக்கையில்லன்னா பாரு,” தாளாளர் நோட்டை எடுத்து விரித்தார். “நானா எழுதுனேன்? அவ டீச்சரே ஒம்போது கையெழுத்துப் போட்டிருக்கு. நான் என்ன செய்ய?”

பரிபூரணம் ஒவ்வொரு வரியாக விரலை வைத்துக்கொண்டே போனாள். பிறகு வேதமணியை நிமிர்ந்து பார்த்தாள்.

தாளாளர் டி.சி. புத்தகத்தை எடுத்து வேகமாக நிரப்பினார். நடத்தை என்ற இடத்தில் ‘நாட் சாட்டிஸ்ஃபாக்டரி’ என்று எழுதி, வகுப்பாசிரியை கையெழுத்துக்காக வேதமணி பக்கம் தள்ளினார். அந்த இரண்டு வார்த்தை போதும். எந்தப் பள்ளியிலும் இந்தப் பிள்ளையை வாசலோடு திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

“நான் போட மாட்டேன்.”

“என்ன முனங்குத?”

“போட மாட்டேன் சார். குட்டுன்னு மாத்தி எழுதுங்க. போடுதேன்.”

“அப்ப நீயும் நாளைலேர்ந்து வர வேண்டாம்.”

“சரி சார். மாத்தி எழுதுங்க.”

தன் குரல் இவ்வளவு உரக்க வரும் என்று வேதமணிக்கே தெரியாது. மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

“எழுதுங்க அண்ணாச்சி,” என்றாள் பரிபூரணம். “எங்க ஷெட்டுப் பிள்ளைக பதினாலு இங்க படிக்கு. நாளைக்கு ரெண்டு மணிக்கு ஷிப்டு விட்டதும் பதினாலு தாய்க்காரியும் வந்து டி.சி. கேப்போம். அதுல எல்லாம் என்ன எழுதுவீகளோ எழுதுங்க.”

தாளாளர் கொஞ்ச நேரம் பேனாவைத் திறந்து மூடிக்கொண்டிருந்தார். பிறகு அந்தத் தாளைக் கிழித்துக் கசக்கிவிட்டு வேறொன்று எழுதினார். வேதமணி நடத்தைப் பத்தியை இரண்டு தரம் வாசித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டாள்.

வாசலில் பரிபூரணம் டி.சி.யை நாலாக மடித்து ரவிக்கைக்குள் வைத்தாள். நன்றி சொல்வாள் என்று வேதமணி நினைத்தாளோ என்னவோ, அவள் பின்னாலேயே கேட் வரைக்கும் போனாள்.

“அந்த நோட்டுல ஒம்போதும் நீங்க போட்டதுதான டீச்சர்?”

“ஆமா.”

“மொத நாளே இப்படி மாட்டேன்னு சொல்லியிருந்தா என்ன?”

வேதமணி வாயெடுத்தாள். வேலை போயிருக்கும் என்று சொல்லலாம். வேலை இப்போதும் போய்விட்டது.

பரிபூரணம் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. மகளின் பையை வாங்கித் தன் தோளில் போட்டுக்கொண்டு வெயிலில் இறங்கி நடந்தாள்.