லிபியாவுக்குப் பேர் கொடுத்தவர்

லிபியாவுக்கு வேலைக்குப் போகப் பேர் கொடுக்க என் வீட்டுக்காரர் மாயாண்டி, கல்யாணத்துக்குப் போட்ட கறுப்புக் கோட்டைப் போட்டுக்கொண்டு புறப்பட்டார். தோள்பட்டையில் இறுக்கிப் பிடித்தது. கையைத் தூக்கிக் கும்பிட்டால் தையல் விட்டுவிடும் என்று சொன்னேன். "அப்ப கும்புடாமலே பேசுறேன்" என்றார். தோட்டத்து ஆள் ஒருவர், தோட்டத்தை நடத்தும் வெள்ளைக்காரத் துரைக்கு முன்னால் கும்பிடாமல் பேசப் போகிறார் என்றால் அவருக்கு எவ்வளவு நம்பிக்கை இருந்திருக்கும் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். அவரை மட்டும் சொல்வானேன், நானும்தான் நம்பினேன். கைப்பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு அவர் பின்னாலேயே ஆபீஸ் வரைக்கும் நடந்தேன்.

எல்லாம் பங்களாச் சமையல்காரர் நல்லமுத்து அண்ணன் கொண்டுவந்த சேதியால் வந்த வினை. இலங்கை மலைநாட்டில் எங்கள் கல்லுமலைத் தேயிலைத் தோட்டம் லண்டன் கம்பெனியுடையது. கம்பெனியை எங்களில் யாரும் கண்ணால் கண்டதில்லை. மழையைப் போல, சாமியைப் போல, அது எங்கேயோ இருந்தது. அங்கிருந்து துரை வருவார், உரம் வரும், நாங்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயத்துக்குத் தகரம் வரும். அந்தக் கம்பெனி இப்போது தோட்டத்தைத் துண்டு துண்டாக விற்கப் போகிறது என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் லயத்து வாசலில் உட்கார்ந்து, வெற்றிலையை மடித்தபடி நல்லமுத்து அண்ணன் சொன்னார். விருந்துக்கு வந்த துரைமார் மேசையில் பேசியதைப் பரிமாறும்போது கேட்டிருக்கிறார்.

"தேயிலையில போட்ட காச உருவி லிபியாங்கிற தேசத்துல போடப்போறாங்களாம். ஆப்பிரிக்காவுக்கு வடக்குப் பக்கம், கடலோரத்துல இருக்கு. எல்லா ஊரு வெள்ளைக்காரனும் இப்ப அங்கதான் காசக் கொண்டுபோயிக் கொட்டுறான். தோண்டுன எடமெல்லாம் எண்ணெ. அதுக்குன்னு துறைமுகம் கட்டுறான், ரோட்டுப் போடுறான், சிமெந்தி பெக்டரி வைக்கிறான்."

"என்ன எண்ணெண்ணே?" என்று கேட்டது அடுத்த காம்பரா காளியாயி மதினி.

"மண்ணெண்ணெ, பெற்றோலு."

"அப்பத் தலைக்குத் தேய்க்க ஒதவாது" என்று மதினி முடித்துவிட்டது.

எல்லாரும் சிரித்தோம். சிரித்தோமே தவிர பயம் போகவில்லை. துண்டு துண்டாக விற்ற தோட்டங்களில் என்ன நடந்தது என்று நாங்கள் கேள்விப்பட்டிருந்தோம். வாங்கின முதலாளிமார் பாதி ஆளை வைத்துக்கொண்டு மீதி ஆளை அனுப்பிவிட்டார்கள். போக இடமில்லாமல் தலவாக்கலை ஸ்டேசன் பக்கம் சட்டி பானையோடு உட்கார்ந்திருந்த குடும்பங்களை நானே பார்த்திருக்கிறேன். இந்த நாட்டுக்காரர்கள் என்று எங்களை ஒப்புக்கொள்ள இங்கே ஆளில்லை, எங்கள் ஆட்கள் என்று கூப்பிட இந்தியாவிலும் ஆளில்லை. தோட்டத்தில் வேலை இருந்தால்தான் லயத்தில் குடியிருக்க ஒரு காம்பரா. காம்பரா இருந்தால்தான் இந்த உலகத்தில் எங்களுக்கென்று ஒரு கதவு.

அப்போதுதான் என் வீட்டுக்காரர் வாயைத் திறந்தார். "இதுல பயப்பட என்ன இருக்கு? பூட்டனையும் பாட்டனையும் திருச்சிப் பக்கமிருந்து ஆரு கூட்டியாந்தா? கம்பெனிதான. காப்பி அழிஞ்சு போனப்ப தேயிலன்னு செடியத்தான் மாத்துனான், ஆள மாத்துனானா? காசு எங்க போகுதோ அங்க ஆளும் போகணும். ஆளில்லாம காசு மட்டும் போயி என்னா செய்யும்?"

நல்லமுத்து அண்ணன்கூட வெற்றிலையை மெல்லுவதை நிறுத்திவிட்டு யோசித்தார். கேட்கக் கேட்க எனக்கு அது அத்தனை நியாயமாகப் பட்டது. அன்றிலிருந்து வீட்டில் லிபியாப் பேச்சுத்தான். அங்கே மழை கிடையாதாம், ஒரே மணலாம். மணலில் அட்டை இருக்காது என்பதே எனக்குப் போதுமாக இருந்தது. கொழுந்து மலையில் நிற்கும்போதே, அட்டை கடிக்காத காலோடு எண்ணெய் எடுக்கப் போவதுபோல நினைத்துக்கொள்வேன். எண்ணெயை எப்படி எடுப்பார்கள், கூடையிலா, வாளியிலா என்பதுதான் பிடிபடவில்லை. அவர் லயம் முழுக்க வாக்குக் கொடுத்துக்கொண்டு திரிந்தார். போய்ச் சேர்ந்ததும் உங்கள் பேரையும் எழுதச் சொல்கிறேன் என்று வயதுக்கு வந்தவர் வராதவர் எல்லாரிடமும் சொன்னார்.

கீழே நாங்கள் இருந்த பணிய லயத்தையும் அதைச் சுற்றியிருந்த தேயிலை மலைகளையும் தலவாக்கலைக் கடைவீதியில் ஜவுளிக்கடை வைத்திருந்த சோமசுந்தரம் முதலாளி வாங்கினார். வாங்கின கையோடு, காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்துக்கு வந்து, நாற்காலி போட்டு உட்கார்ந்து, வேலைக்குப் பேர் எடுத்தார். இருக்கிற மலைக்கு இத்தனை ஆள் போதும், அதற்கு மேல் எடுக்க மாட்டேன், பேர் உள்ளவனுக்குத்தான் காம்பரா என்று முதலிலேயே சொல்லிவிட்டார். லயமே வரிசையில் நின்றது. நாங்கள் மட்டும் வாசலில் உட்கார்ந்திருந்தோம்.

"வா புள்ள, எனக்குப் பின்னால வந்து நில்லு" என்று காளியாயி மதினி களத்திலிருந்து கையைக் காட்டிக் கூப்பிட்டது.

"இல்ல மதினி, நாங்க போறோம்ல" என்றேன்.

"ரெண்டு எடத்துல பேரு குடுக்கக்கூடாது. அது கம்பெனிக்குச் செய்யிற துரோகம்" என்றார் இவர். முதலாளி தேவையான பேரை எடுத்துக்கொண்டு, புத்தகத்தை மூடி, பஸ்ஸுக்குப் போய்விட்டார்.

இதற்கப்புறம்தான் அந்தக் கறுப்புக் கோட்டு.

ஆபீஸ் வாசலில் மரப்பெட்டிகள் அடுக்கியிருந்தன. துரை ஊருக்குப் போக மூட்டை கட்டிக்கொண்டிருந்தார். நான் சவுக்கு மரத்தடியில் நின்றேன். இவர் நெஞ்சை நிமிர்த்தி, கும்பிடாமல், விஷயத்தைச் சொன்னார். துரை சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் நான் என்ன செய்திருப்பேனோ தெரியாது. அந்த ஒன்றுக்காக அவர் எங்கே இருந்தாலும் நன்றாக இருக்கட்டும்.

"மாயாண்டி, அங்கே ஆள் வேணாம்" என்றார் துரை, அவருடைய தோட்டத்துத் தமிழில். "பூமியில ஓட்டை போடுறது, குழாய் வைக்கிறது. எண்ணெய் தானே கப்பலுக்குப் போகுது. கொழுந்து எடுக்கிற மாதிரி இல்லே."

"கூலியாளு கொஞ்சமாச்சும் வேணுமில்லைங்களா?"

"மெஷின் படிச்ச ஆள் கொஞ்சம். அது போதும்."

"தொரைங்க போறீங்கல்ல, ஒங்ககூட எங்களையும்..."

துரை ஒரு பெட்டியின் மேல் உட்கார்ந்தார். "எனக்குத் தேயிலை மட்டும்தான் தெரியும். எனக்கும் அங்கே வேலை இல்லே" என்றார்.

அதைக் கேட்டதும் என் வீட்டுக்காரர் கைகளைத் தூக்கிக் கும்பிட்டார். தையல் விடுகிற சத்தம் சவுக்கு மரத்தடி வரைக்கும் கேட்டது.

திரும்பி நடந்தோம். ஆள் இல்லாமல் காசு என்ன செய்யும் என்று அவர் கேட்டாரே, அதற்குப் பதில் கிடைத்துவிட்டது. ஆள் இல்லாமல்தான் அது நன்றாகச் செய்யுமாம். அதனால்தான் அங்கே போகிறது. வயிறும் வாயும் பிள்ளைகுட்டியும் உள்ள எங்களைக் கட்டி இழுக்க அதற்கு என்ன தலையெழுத்து? எனக்கு அவர் மேல் கோபம் வரவேண்டும், வரவில்லை. கோட்டுக் கிழிசலைக் கையால் பொத்திக்கொண்டு முன்னால் நடந்த அந்த மனுஷனைப் பார்க்கப் பார்க்கப் பாவமாக இருந்தது.

பேர் சேர்க்கச் சொல்லிக் கேட்டு, வேலைக் கணக்கு வைக்கும் கணக்கப்பிள்ளை செல்லசாமியிடம் போனேன். நல்ல மனுஷர்தான். ஆனால் அவர் கையில் ஒன்றுமில்லை. "பேரு எடுத்து முடிஞ்சிருச்சு, பூரணி. மொதலாளி கணக்குல கறாரு. மாசம் முடியவும் காம்பராவக் காலி பண்ணணும்னு சொல்லிட்டாரு" என்றார். ஒரு பேரைச் சேர்க்க வேண்டுமென்றால் ஒரு பேரை எடுக்க வேண்டும். யார் பேரை எடுக்கச் சொல்லிக் கேட்பது? ஒவ்வொரு பேரும் ஒரு வீட்டு உலை.

லயத்தில் நான் யாரிடமும் கேட்கவில்லை. கேட்க முகமில்லை. ஊருக்கெல்லாம் வழி காட்டுகிறோம் என்று பெருமையடித்துவிட்டு, இப்போது எந்த வாயால் கேட்பது? இருந்த சாமான்களை ஒரு சணல் படங்குச் சாக்கில் போட்டுக் கட்டத் தொடங்கினேன். இவர் அடுப்படியில் குந்தி உட்கார்ந்து பிள்ளைக்கு ரொட்டியைப் பிய்த்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். அந்தியில் சுவருக்கு அந்தப் பக்கம், காளியாயி மதினி காம்பராவில், லயத்துப் பெண்கள் கூடிப் பேசுகிற சத்தம் கேட்டது. அழகம்மா குரல், வீரம்மா குரல், இன்னும் யார் யாரோ. நடு நடுவே சிரிப்பு. நம்மைத்தான் சொல்லிச் சிரிக்கிறார்கள் என்று நினைத்து, காதைப் பொத்திக்கொண்டேன்.

மறுநாள் விடியலில் பெரட்டுக்குக் கூப்பிடும் தப்பு அடித்தபோது கதவைக் காலால் உதைத்தது மதினி.

"கூடைய எடு."

"எனக்குத்தான் பேரு இல்லியே மதினி."

"கூடைய எடுங்கிறேன். கேள்வி கேக்குற."

களத்தில் பனி மூடியிருந்தது. கழுத்தில் மப்ளர் சுற்றிக்கொண்டு சோமசுந்தரம் முதலாளியும் நின்றார். கணக்கப்பிள்ளை பேரைக் கூப்பிட்டுக்கொண்டு வந்தார். "காளியாயி" என்றதும் மதினி என் முதுகில் கை வைத்து என்னை முன்னே தள்ளியது.

"இன்னைக்கு எம் பேருக்குப் பூரணி மலைக்குப் போவா" என்றது.

"ஒனக்கு என்னா?" என்று கேட்டார் கணக்கப்பிள்ளை.

"எனக்கு ஒண்ணுமில்ல. நான் வீட்டுல இருக்கேன். நாளைக்கு அழகம்மா பேருக்குப் போவா. அதுக்கு மறுநா வீரம்மா பேருக்கு. இப்புடியே சுத்தி வருவோம். அன்னன்னைக்குக் கூலி அவளுக்கு."

கணக்கப்பிள்ளை முதலாளியைப் பார்த்தார். முதலாளி மதினியைப் பார்த்தார். "இது என்ன புதுப் பழக்கம்?" என்றார்.

"ஒங்களுக்கு மலைக்கு இத்தன ஆளுன்னு வந்தாச் சரிதானுங்களே மொதலாளி. கணக்குல ஒண்ணும் கொறையாதுங்க."

வயதில் மூத்தவள் அவ்வளவு பணிவாகச் சொன்னால் கடைக்காரரால் என்ன சொல்ல முடியும்? தலைகளை எண்ணிப் பார்த்தார். கணக்குச் சரியாகத்தான் இருந்தது. மப்ளரை இழுத்து விட்டுக்கொண்டு, அடுத்த பேரைக் கூப்பிடச் சொல்லிக் கையைக் காட்டினார்.

மலை ஏறும் வழி வரைக்கும் மதினி கூட வந்தது. நான் அழுதுகொண்டே, ஏன் மதினி, ஒரு நாள் கூலியை எதற்கு எனக்கு விடுகிறீர்கள் என்று கேட்டேன்.

"நீ அங்கிட்டுப் போயி எங்க பேரயும் எழுதச் சொல்லுவன்னு இருந்தோம். நீ போகல. அதுக்கென்ன, இங்கயே இரு" என்றது. அவ்வளவுதான் அதற்குத் தெரிந்த சமாதானம். என்னைப் பெற்றவள்கூட எனக்கு அப்படி ஒரு வார்த்தை சொன்னதில்லை.

அப்படித்தான் ஓடியது. ஒரு நாள் நான் அழகம்மா, ஒரு நாள் வீரம்மா, ஒரு நாள் வாயாடி ராக்கம்மா. யார் பேரில் போகிறேனோ அவள் அன்றைக்கு வீட்டில் இருந்து, போகிற போக்கில் என் பிள்ளையையும் பார்த்துக்கொண்டாள். ஒரு நாள் கூலி போனால் அந்த வீட்டில் ஒரு நாள் கஞ்சி மெலியும். அது தெரிந்தேதான் செய்தார்கள். கொழுந்தைக் கிள்ளும்போது இது இவள் பிள்ளைக்குச் சேரவேண்டியது என்று கை கூசும். அதனாலேயே மலையில் என்னைவிட வேகமாக யாரும் எடுக்கவில்லை. என் வீட்டுக்காரர் தினமும் கொழுந்து நிறுக்கும் மடுவத்துக்கு வந்து அந்தப் பெண்களின் சாக்குகளையெல்லாம் காசு வாங்காமல் தூக்கிப் போட்டார். அவரை யாரும் லிபியா பற்றிக் கேட்டுக் கேலி செய்யவில்லை. அதற்கும் நான் அவர்களுக்குக் கடமைப்பட்டவள். எனக்குத் தெரிந்த சாமிகளையெல்லாம் கூப்பிட்டு, அந்த லயம் நன்றாக இருக்க வேண்டும் என்று தினமும் சொல்லிக்கொள்வேன்.

மாசம் முடிந்தது. சாமான் சாக்கைக் கட்டியபடியே வைத்திருந்தேன். மறுநாள் பெரட்டுக்கு முதலாளி வந்திருந்தார். கணக்கப்பிள்ளை காதில் ஏதோ சொல்லிவிட்டு, முகத்தைத் தலவாக்கலைப் பக்கம் திருப்பிக்கொண்டார். கணக்கப்பிள்ளை வரிசையைப் பார்த்துத் தலையை ஆட்டிவிட்டு, ஒவ்வொரு பேராகக் கூப்பிட்டார். அழகம்மா. வீரம்மா. ராக்கம்மா. காளியாயி. எல்லாரும் அவரவர் பேருக்கு அவரவரே குரல் கொடுத்தார்கள். இன்றைக்கு யார் பேரில் நான் போவது என்று தெரியாமல் கூடையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கணக்கப்பிள்ளை புத்தகத்தில் கடைசிப் பேருக்குக் கீழே ஏதோ எழுதினார்.

"பூரணி" என்றார்.

வாயைத் திறந்தேன். சத்தம் வரவில்லை. கண் மறைத்து, எனக்கு முன்னால் களமே தெரியவில்லை.

"பூரணி" என்றார் மறுபடியும்.

"இருக்கா" என்றது வரிசை முழுவதும், பனிக்குள்ளிருந்து.