சேணம் கடித்த முதுகு

குதிரை கரிச்சானைக் கொன்றுவிடுவது என்று மாமியார் முடிவு கட்டிவிட்டாள். ஏறிய மகனைத் தூக்கியெறிந்து, தொட்டிக் கல்லில் தலை மோதிச் சாகவிட்ட குதிரைக்குத் தீனி ஒரு கேடா என்பது அவள் கட்சி. பெற்ற வயிறு பேசும்போது எதிர்வாதம் பேச யாருக்கு வாய் வரும்?

கால்நடை டாக்டர்தான் குறுக்கே விழுந்தார். "முதுகெல்லாம் ரணமா இருக்கும்மா. ஆறு வாரம் குடுங்க. அப்பவும் முரண்டு பிடிச்சா நானே ஊசியப் போட்டுடறேன்."

கவனிக்கிற வேலை மருமகள் தலையில் விழுந்தது. கொட்டிலை ஒட்டியே அவளுடைய பட்டறை. சேணம் தைப்பதில் அவளுக்குப் பேர். அந்தப் பேரில் கொஞ்சம் திமிரும் உண்டு.

முதல் நாள் அவள் கை ஒரு சாண் தூரத்தில் வரும்போதே குதிரையின் தோல் நடுங்கி, முதுகு பள்ளமாக இறங்கியது. ஆள் ஏறி உட்கார்ந்தால் இறங்குகிற மாதிரியே.

"இன்னும் மேலதான் உக்காந்திருக்கான், பாரு," என்றாள் வாசலில் நின்ற மாமியார்.

அதற்குப் பிறகு மருமகள் குதிரையோடு தனியாக வேலை பார்த்தாளா, செத்தவனையும் சேர்த்து மூன்று பேராகப் பார்த்தாளா என்று அவளுக்கே தெரியாது. வெந்நீரில் துணி நனைத்து ஒத்தடம் கொடுத்தாள். முன்னங்கால்களுக்கு நடுவே கேரட்டைக் காட்டி, முதுகு தானாக வளைந்து நிமிரும்படி தலையைக் குனிய வைத்தாள். வெறும் முதுகோடு கயிற்றில் பிடித்து நடத்தும்போது பின்னால் தோல் வார் முனகுவது கேட்டது. திரும்பிப் பார்க்கத் தைரியம் வரவில்லை. "இறங்கிடுங்களேன்," என்று வாய்க்குள்ளேயே கெஞ்சினாள். செத்தவனிடம் கெஞ்சுகிறோமே என்று வெட்கமாகவும் இருந்தது.

மூன்றாவது வாரம் டாக்டர் சேணத்தைக் கேட்டு வாங்கினார். வளைகிற கம்பி ஒன்றைக் குதிரையின் தோள்மேட்டில் அழுத்தி, அதே வளைவோடு எடுத்துச் சேணத்துக்குள் வைத்தார். கம்பி உள்ளே போகவில்லை. இரண்டு விரற்கடை அகலம் இடித்தது.

"எந்தக் குதிரைக்குத் தெச்சது இது?"

"இதுக்குத்தான்."

அவர் கம்பியை உருவிக்கொண்டு சேணத்தை அவள் கையில் கொடுத்தார். குதிரை காய்ச்சலில் கிடந்து எலும்பும் தோலுமாக எழுந்திருந்தபோது அளவெடுத்தாள். பிறகு அது தேறி, சதை போட்டது. சேணம் அப்படியே இருந்தது. "கடிக்குதோ என்னவோ," என்று புருஷன் சொன்னபோது, "என் கை தப்பாது, நீங்கதான் ஊதிட்டீங்க," என்று சிரித்துவிட்டு, அடியில் போடத் தடிமனாக ஒரு கம்பளித் துண்டைக் கொடுத்தாள். இறுக்குகிற செருப்புக்குள் காலுறையை மாட்டிவிட்ட கதை. இதே தப்புக்காக எத்தனை வாடிக்கையாளர்களை வாய் கிழியத் திட்டியிருக்கிறாள்!

ஆறாவது வாரம் புண் ஆறி முடி முளைத்தது. கறுப்புக் குதிரையின் தோள்மேட்டுக்கு இருபுறமும், உள்ளங்கை அகலத்துக்கு, வெள்ளை வெளேரென்று. அவள் துணியால் மூடிப் பார்த்தாள். துணிக்குள்ளும் அது இருப்பது தெரிந்தது.

டாக்டர் வந்து முதுகை அழுத்திப் பார்த்தார். குதிரை அசையாமல் நின்றது.

"குணமாயிடுச்சும்மா."

"முதுகு குணமானா புத்தி மாறிடுமா? கொன்னது கொன்னதுதானே. ஊசியப் போடுங்க," என்றாள் மாமியார்.

டாக்டர் மருமகளைப் பார்த்தார். அவர் சொல்ல மாட்டார் என்று அவளுக்குப் புரிந்தது. வாயைத் திறக்காவிட்டால் குதிரையோடு எல்லாமே மண்ணுக்குள் போய்விடும்.

"அத்தை, அது மேல தப்பில்ல. நான் தெச்ச சேணம்தான் அதைக் குத்தியிருக்கு. வலி பொறுக்காமதான் துள்ளியிருக்கு."

மாமியார் துணியை விலக்கி, அந்த வெள்ளை முடியில் கை வைத்தாள். வைத்த கையை எடுக்காமலே கேட்டாள்.

"அவனுக்குத் தெரியுமா?"

"சந்தேகப்பட்டார். ரெண்டு தடவ சொன்னார்."

"நீ என்ன சொன்ன?"

"சிரிச்சேன் அத்தை."

டாக்டர் தன் பெட்டியை மூடினார். மாமியார் கயிற்றை மருமகள் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள்.

"இது இருக்கட்டும். நான் பாத்துக்கறேன். இனிமே நீ இது பக்கம் வராத."