உருகிய பட்டை

அவள் கூடாரம் தைக்கும் பட்டறையில் பதினைந்து வருடமாக வேலை பார்க்கிறாள். நைலான் பட்டை இழுபட்டு அறுந்தால் நுனி பிசிறு பிசிறாக நிற்கும். சூட்டில் உருகினால் கறுத்துக் கெட்டிப்பட்டு, கண்ணாடிபோல் மினுங்கும். இதை அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

அக்கா புருஷன் நடத்திய பாறையேற்றச் சங்கத்தில், கயிறு பட்டை பார்த்துக்கொள்ளும் பொறுப்பும் அவளுடையதுதான். ஒவ்வொன்றுக்கும் எண் எழுதி, எடுத்துப் போகிறவரிடம் நோட்டில் கையெழுத்து வாங்குவாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவளுக்குப் பட்டறையில் அவசர வேலை. பாறைக்கு அத்தானும், சங்கத்தில் எப்போதும் அவளோடு ஜோடியாக ஏறும் தபால்காரரும் மட்டும் போனார்கள். உச்சியில் நின்று அத்தான் கயிற்றில் கீழே இறக்கும்போது தபால்காரர் விழுந்து இடுப்பெலும்பு நொறுங்கியது. தபால்காரர் தன் இடுப்பில் கட்டிய முடிச்சு அவிழ்ந்துவிட்டது என்று அத்தான் எல்லோரிடமும் சொன்னார். ஓடி இறங்கி அவர் இடுப்பிலிருந்து கயிற்றைக் கழற்றியவரும் அத்தான்தான்.

சங்கத்தில் பழசாகிப்போன பட்டைகளை மூட்டையாகப் பட்டறைக்குத் தள்ளிவிடுவது வழக்கம். பத்து நாள் கழித்து அந்த மூட்டையைக் கொட்டியபோது ஏழாம் எண் பட்டை வந்து விழுந்தது. ஞாயிறன்று அத்தான் கையெழுத்துப் போட்டு எடுத்துப் போனது. நடுவில் அற்றுப்போயிருந்தது. இரண்டு நுனியும் மினுங்கின.

பாறையில் அறைந்த இரண்டு ஆணிகளைப் பட்டையால் இணைத்து, பட்டையில் இரும்பு வளையம் மாட்டி, அதற்குள்தான் கயிற்றை ஓடவிட வேண்டும். வளையமில்லாமல் ஆள் கனத்தோடு கயிறு நேராகப் பட்டைமேல் ஓடினால், உராயும் சூட்டில் பட்டை உருகி அறுந்துவிடும். சங்கத்தில் சேருகிற எல்லோருக்கும் முதல் நாளே அத்தான் சொல்லும் பாடம் அது.

அன்று மாலையே அக்கா வீட்டுக்குப் போனாள்.

"அத்தான், வளையம் எங்க போச்சு?"

பட்டையை மேசைமேல் வைத்தாள். அவர் அதைத் தொடவில்லை.

"வண்டியில மறந்துட்டேன்," என்றார். "இறங்கிப் போய் எடுத்துட்டு வர அரை மணி நேரம் ஆகும். ஒரே ஒரு ஆளை ஒரே ஒரு தடவை இறக்கறதுதானேன்னு நெனச்சேன்."

"அவரு தன் முடிச்சுதான் அவுந்துச்சுன்னு நம்பிட்டுப் படுத்திருக்காரு."

அக்கா சமையலறை வாசலிலிருந்து சொன்னாள்: "நம்பட்டுமே. உண்மையச் சொன்னா இடுப்பு ஒட்டிக்குமா? உன்னைப் படிக்க வச்சது யாருன்னு கொஞ்சம் யோசிச்சுப் பாரு."

அவள் யோசித்துப் பார்த்தாள். பட்டையை எடுத்துக்கொண்டு நேரே ஆஸ்பத்திரிக்குப் போனாள்.

தபால்காரர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டுப் பட்டையை வாங்கி, நுனியை விரலால் தடவிப் பார்த்தார்.

"உங்க அத்தான் தினமும் பழம் வாங்கிட்டு வர்றாரு," என்றார். "உரிச்சு வாயில ஊட்டாத குறை. என் தப்புன்னு நெனச்சப்பவாவது தூக்கம் வந்துச்சுங்க."

மறுவாரம் சங்கக் கூட்டத்தில் பட்டையையும் நோட்டையும் வைத்தாள். எல்லோரும் கையில் வாங்கிப் பார்த்தார்கள். ஒருவரும் அத்தான் முகத்தைப் பார்க்கவில்லை. பத்து நாளில் அறிக்கை வந்தது. பட்டை நைந்துபோனதால் விபத்து, கயிறு, பட்டைப் பொறுப்பாளரின் கவனக்குறைவு என்று அதில் இருந்தது. கீழே தலைவர் என்று அத்தான் கையெழுத்து. அதற்கும் கீழே, சாட்சியாகத் தபால்காரரின் கையெழுத்து.

அறிக்கையை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு மறுபடி ஆஸ்பத்திரிக்குப் போனாள். அவர் அவளைப் பார்த்ததும் போர்வையை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"இனிமே என்னால தெருத்தெருவா நடக்க முடியாது," என்றார். "உக்காந்து பாக்கற வேலை ஒண்ணு உங்க அத்தான் சொல்லி வச்சிருக்காரு. எனக்கு ரெண்டு பொண்ணுங்க. நீங்க தனி ஆளு, எப்படியும் சமாளிச்சுக்குவீங்க."

அவள் திட்டத்தான் வந்திருந்தாள். ஆறு வருடம் இருவரும் ஒரே கயிற்றின் இரு முனையில் ஏறியவர்கள்.

"கட்டு எப்பப் பிரிக்கறாங்களாம்?" என்று கேட்டாள்.

"இன்னும் அஞ்சு வாரம்," என்றார் அவர், சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டு.