அண்ணனின் நாக்கும் அண்ணியின் பட்டர்க்ரீமும்

1

"கரியைக் கரைச்சுக் கொடுத்தேன். அருமைங்கறீங்க."

"எனக்கு அருமையாத்தான் இருந்துச்சு."

"அது கரிங்க. வேணும்னே கருக்கினேன். அடுப்புல வச்சிட்டு ஜன்னல் பக்கம் போய் நின்னுட்டு வந்தேன், நல்லா கருகட்டும்னு."

"கொஞ்சம் கசந்துச்சு. அதுவும் ஒரு ருசி போலன்னு நினைச்சேன்."

"அப்ப நேத்து சொன்ன அருமை? அதுக்கு முன்னாடி சொன்ன பிரமாதம்?"

கரண்டி ஒன்று தொட்டியில் விழுகிற சத்தம்.

இந்தக் கதை எனக்குக் கிடைத்தது இப்படித்தான். சண்டை போட்டவர்கள் என் அண்ணனும் அண்ணியும். நான் கூடத்தில் உட்கார்ந்து அட்டையை மடித்துக் கேக் பெட்டி செய்துகொண்டிருந்தேன். ஒட்டுக் கேட்டேன் என்று யாரும் சொல்லக்கூடாது. அந்த வீட்டில் சமையலறைக்குக் கதவு கிடையாது. ஒட்டுக் கேட்கிற வேலையை வீட்டைக் கட்டினவரே முடித்துவிட்டார்.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இது ஒரு நாத்தனார் தன் அண்ணியை மெச்சி எழுதுகிற கதை. நம்ப முடியாத பகுதி இது ஒன்றுதான். மற்றதெல்லாம் நம்பலாம்.

2

முதலில் வேறு மாதிரி தொடங்கியிருந்தேன்.

"சர்க்கரை உருகுவது காதல் உருகுவதைப் போல மெல்ல..."

அடித்துவிட்டேன். எங்கள் குடும்பத்தில் காதல் அப்படியெல்லாம் உருகி நான் பார்த்ததில்லை. அதிகபட்சம் கொஞ்சம் இளகும்.

அடுத்தது: "ஒரு காய்ச்சல் வந்து அவள் மூக்கைப் பறித்துக்கொண்டு போனது." இதை அண்ணி என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்துவிட்டாள்.

"மூக்கே இல்லாதவன்னு நினைச்சுப்பாங்கடி. மூக்கு இருக்கு, கண்ணாடி நிக்கறதுக்கு. வேலைதான் செய்யல."

சரி, உள்ளதை உள்ளபடி சொல்கிறேன். அண்ணி வீட்டிலேயே கேக் செய்து கொடுப்பவள். போன வருடம் ஒரு காய்ச்சல் வந்தது. காய்ச்சல் போனது, வாசனையும் ருசியும் அதோடு போயின. வரலாம், வராமலும் போகலாம் என்கிறார் வைத்தியர். சூடு தெரியும், குளிர் தெரியும், வழவழப்பு தெரியும். இனிப்பா உப்பா என்று கேட்டால் தெரியாது. கேக் செய்வதை விட்டுவிட்டாள்.

இப்போது கீழ்வீட்டுப் பல் டாக்டரம்மா கேட்டுவிட்டார். தன் கிளினிக்கின் ஆண்டு நாளுக்கு அண்ணியின் கேக்தான் வேண்டுமாம், மேலே, காய்ச்சின சர்க்கரையை வெண்ணெயில் அடித்துச் செய்கிற அந்தக் கேரமல் பட்டர்க்ரீம் பூசினது. (பல் டாக்டரே கேக் கேட்கிறார் என்றால் அதுதான் தொழில் பக்தி. இது அண்ணன் அடித்த ஜோக். நான் சொந்தம் கொண்டாடவில்லை.) செய்து தருகிறேன், முடியாது, எதுவானாலும் சண்டை நடந்த அன்று மதியத்துக்குள் சொல்லியாக வேண்டும். சரியாக வராவிட்டால் வெண்ணெய் அடிக்கிற பெரிய பீட்டர் மெஷினைப் பேக்கரி வைத்திருக்கும் சிநேகிதிக்குக் கொடுத்துவிடுவதாக அண்ணி முடிவு செய்திருந்தாள். கொடுத்தால் அது திரும்பி வராது. அவளும் கேக் பக்கம் திரும்பமாட்டாள். எங்கள் எல்லாருக்கும் இது தெரியும்.

3

கேரமலைப் பற்றிக் கொஞ்சம் கட்டுரை மாதிரி வரும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

அடி கனத்த பாத்திரத்தில் சர்க்கரையும் அது நனையும் அளவு தண்ணீரும். கிளறக்கூடாது, கிளறினால் மணல் மணலாகிவிடும். பாத்திரத்தைப் பிடித்துச் சுழற்றலாம். முன்பெல்லாம் அண்ணி அடுப்புக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பாத்திரம் கழுவுவாள், போனில் பேசுவாள். இனித்துக் கிடக்கிற வாசனை ஒரு நொடியில் மெலிந்து மூக்கின் நுனியில் ஊசி மாதிரி குத்தும். அந்த ஊசி குத்தினதும் திரும்பி அடுப்பை அணைப்பாள். ஒருநாளும் தவறினதில்லை.

அந்த ஊசி இப்போது இல்லை. அதனால் அவள் என்ன செய்தாள் தெரியுமா? காதைப் பழக்கினாள். தண்ணீர் இருக்கும்வரை ஓட்டில் மழை விழுகிற மாதிரி சத்தம் வரும். தண்ணீர் வற்ற வற்ற மழை விடும். பிறகு குமிழி ஒவ்வொன்றும் சோம்பேறித்தனமாக உடையும். அப்போது ஒரு வெள்ளைத் தட்டில் ஒரு சொட்டு விட்டுப் பார்ப்பாள். பாத்திரத்துக்குள் பார்த்தால் நிறம் ஏமாற்றும். வெள்ளைத் தட்டு ஏமாற்றாது. மூக்கு செய்த வேலையைக் காதுக்கும் கண்ணுக்கும் பங்கு போட்டுக் கொடுத்தவளை எப்படி மெச்சாமல் இருப்பது?

ஆனால் கடைசித் தீர்ப்பு நாக்கினுடையது. உப்பு போதுமா, கசப்பு எட்டிப் பார்க்கிறதா, இல்லை வெறும் இனிப்பா? அதற்குத்தான் அண்ணனை அமர்த்தினாள். அவனோ எதைக் கொடுத்தாலும் அருமை என்றான்.

4

இங்கே எனக்கு அண்ணன் மேல் சந்தேகம் வந்தது. கதாபாத்திரம் என்ற முறையில் சொல்கிறேன். லிஃப்ட் பழுது பார்க்கிறவன், கறாரான ஆள். ஒரு திருகாணி தளர்ந்திருந்தாலும் லிஃப்டைப் பூட்டிவிட்டு வருகிறவன். அவன் ஏன் வீட்டில் பொய் சொல்ல வேண்டும்? பயந்தவன் என்று எழுதிப் பார்த்தேன், ஒட்டவில்லை. அசடு என்று எழுதிப்...

அவனையே கேட்டுவிட்டேன். அவன் சொன்னான்:

"அவ சாப்பிடறதை நீ பார்த்ததில்லை. தட்டு முன்னாடி உக்காந்து காகிதத்தை மெல்ற மாதிரி மெல்லுவா. முடிச்சிட்டுத் தட்டைக் கழுவி வச்சிடுவா. அதைப் பார்த்தவனுக்கு வாயில வேற என்ன வரும்?"

பிறகு, "பயந்தாங்கொள்ளின்னே எழுதிடு. நல்லவன்னு எழுதினா வேலை செய்யற இடத்துல சிரிப்பாங்க" என்றான்.

எழுதியாயிற்று.

5

சண்டைக்குத் திரும்புவோம். அண்ணி போனைக் கையில் எடுத்துவிட்டாள்.

"டாக்டரம்மாகிட்ட முடியாதுன்னு சொல்லிடறேன். எனக்கு நாக்கு இல்ல. உங்களுக்கு இருக்கு, அதுவும் எனக்குப் பிரயோசனமில்ல."

"ஏம்மா, கொஞ்சம் பொறு."

"லிஃப்ட் சரியில்லன்னு கூப்பிடறாங்க. போய்ப் பார்த்துட்டு, அருமையா இருக்குன்னு சொல்லிட்டு வருவீங்களா?"

"அதெப்படி? ஆள் ஏறுற இடமாச்சே."

"இதுவும் ஆளுங்க சாப்பிடறதுதான்."

நான் அட்டை மடிப்பதை நிறுத்திவிட்டேன். அண்ணி முந்தின நாள் செய்த பட்டர்க்ரீமை ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்து வந்து அண்ணன் முன்னால் வைத்தாள். கேரமல் கருகிவிடுமோ என்று பதறி, அண்ணன் "எடு எடு" என்று அவசரப்படுத்தி இறக்க வைத்தது அது.

"நல்லா இருக்கா இல்லையான்னு நான் கேக்கல. என்ன பழுதுன்னு சொல்லுங்க."

அண்ணன் ஒரு கரண்டி எடுத்து வாயில் வைத்தான். கண்ணை மூடினான். லிஃப்டுக்குள் நின்று சத்தம் கேட்கும்போது மூடுவானே, அந்த மூடல்.

"கிளம்புது. இனிப்பு உடனே வந்துடுது," என்றான். "அப்புறம்... மேல ஏறவே இல்ல. கிரவுண்ட் ஃப்ளோர்லயே கதவைத் திறந்து திறந்து மூடுது."

அண்ணி போனைக் கீழே வைத்தாள்.

(இந்த இடத்தில் அவள் அழுதாள் என்று முதலில் எழுதியிருந்தேன். அழவில்லை. சர்க்கரை டப்பாவைத் திறந்தாள்.)

6

மழைச் சத்தம் விட்டது. குமிழி சோம்பியது. வெள்ளைத் தட்டில் முதல் சொட்டு தேன் நிறத்தில் விழுந்தது. அண்ணி அசையவில்லை.

"புகை வாசனை லேசா வருது," என்றான் அண்ணன். எடு என்று சொல்லவில்லை.

"மூக்குல குத்துதா?"

"இன்னும் இல்ல."

இரண்டாவது சொட்டு செம்பு நிறம்.

"இப்ப குத்துது."

அடுப்பை அணைத்தாள். இளஞ்சூடாக்கி வைத்திருந்த க்ரீமை அதில் ஊற்றினாள். பாத்திரம் சீறிப் பொங்கி அடங்கியது. உப்பு போட்டுக் கலக்கி ஆற வைத்தாள். இன்னொரு பக்கம் பீட்டரில் வெண்ணெய் அடிபட்டு அடிபட்டு வெளுத்தது. பொடித்த சர்க்கரை சேர்ந்தது. பிறகு கேரமல்.

அங்கேதான் சறுக்கியது. பாத்திரத்தின் அடியைத் தொட்டு ஆறிவிட்டது என்று நினைத்தாள். நடுவில் சூடு இருந்தது. வெண்ணெய் தளர்ந்து ஓடியது.

"கூழாயிடுச்சு," என்றான் அண்ணன்.

அண்ணி சிரித்துவிட்டாள். கல்யாணமான நாளிலிருந்து அவள் சமையலைப் பற்றி அவன் சொன்ன முதல் குறை அதுதானாம். "ஆமாங்க, கூழ்தான்," என்று சந்தோஷமாக ஒப்புக்கொண்டு கிண்ணத்தோடு ஃப்ரிட்ஜில் வைத்தாள். ஓரம் இறுகினதும் எடுத்து மறுபடி அடித்தாள். அது திரண்டு, பளபளத்து, பீட்டர் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றது.

அண்ணன் சுவைத்தான். இந்தத் தடவை நேரம் எடுத்துக்கொண்டான்.

"கிளம்பிடுச்சு. வெண்ணெய் முதல்ல. இனிப்பு ஏறுது. ஒரு மாடி. உப்பு லேசா உரசிட்டுப் போகுது, அது இருக்கட்டும், நல்ல உரசல். இன்னும் ஏறுது... மேல போய் ஒரு கசப்பு. நிக்குது. இறங்கிடுச்சு."

அண்ணியும் ஒரு கரண்டி வாயில் வைத்து அப்படியே நின்றாள்.

"எனக்குக் குளிர்ச்சி தெரியுது. வழவழன்னு போறது தெரியுது," என்றாள். "மீதி நீங்க சொன்னது."

டாக்டரம்மாவுக்குப் போன் போட்டாள். சாயங்காலம் கேக் வரும் என்றாள்.

7

இனி முடிவு. இங்கேதான் மாட்டிக்கொண்டேன்.

கேக்கில் பூசி, வழித்து, கிண்ணம் காலியானது. பீட்டர் கம்பியில் மட்டும் ஒரு வாய் அளவு மிச்சம். அண்ணி அதைக் கழற்றி என்னிடம் நீட்டினாள்.

"கழுவிடேன்."

கழுவச் சொன்னாள். ருசி பார்க்கச் சொல்லவில்லை. அவர் சொன்னது நிஜமா என்று கேட்கவுமில்லை. அந்த வீட்டில் வேலை செய்கிற இன்னொரு நாக்கு என்னுடையது, அது அவளுக்கு நன்றாகவே தெரியும்.

குழாயடியில் கம்பியோடு நின்றேன். முடிவு ஒன்று: நக்கிப் பார்த்தேன், அண்ணன் சொன்ன ஒவ்வொன்றும் அப்படியே இருந்தது. முடிவு இரண்டு: நக்கிப் பார்த்தேன், வெறும் இனிப்பு, மாடிக் கணக்கெல்லாம் இன்னொரு தினுசான அருமை. முடிவு மூன்று: குழாயைத் திறந்தேன். தண்ணீரில் அது கொழகொழவென்று வழிந்து போனது. அவன் சொல் அவளுக்குப் போதும் என்றால், சரிபார்க்க நான் யார்?

மூன்றில் ஒன்று நடந்தது. எது என்று எழுதமாட்டேன். எழுதினால் இது என் நாக்கின் கதையாகிவிடும். அவளுடைய நம்பிக்கை என் நாக்கை விடப் பெரியது என்றே எனக்குப் படுகிறது. ஆனாலும் எனக்கு நிம்மதியில்லை, அதனால் கேட்கிறேன். அந்தக் கம்பி உங்கள் கையில் இருந்திருந்தால் நக்கியிருப்பீர்களா, கழுவியிருப்பீர்களா? ஏன்? கீழே எழுதுங்கள். ஒரு வரி போதும். அண்ணி எல்லாப் பதிலையும் படிப்பாள். அதை மனதில் வைத்துக்கொண்டு எழுதுங்கள்.